பெரிய காளைக்கு ஆறு மாத்திரை

மார்ச் பிறந்து பத்து நாள் ஆகியும் ஏரிப் பக்கமிருந்து வரும் காற்று தன் குணத்தை விடவில்லை. விடியலில் இரும்பாக இறுகிக் கிடக்கும் களம் பத்து மணிக்கெல்லாம் இளகி, பூட்ஸைப் பிடித்து இழுக்கும். பால் லாரி வந்து திரும்பிய தடத்தில் பனி உருகி, கொட்டகை வாசலில் இரண்டு வாய்க்கால்களாக ஓடிக்கொண்டிருந்தது.

கொட்டகைக்குள் வேறு பருவம். நாற்பத்தாறு பசுக்களின் மூச்சில் சன்னல் கண்ணாடிகளில் நீர் வழிந்தது. டார்லா ஸ்லாட்கி ஒரு வரிசையிலும் அவள் புருஷன் ரோலி எதிர் வரிசையிலும் கறந்துகொண்டே போவார்கள். நாலரைக்குத் தொடங்கினால் ஏழுக்குள் முடிந்துவிடும். முப்பத்தொரு வருஷமாக அப்படித்தான். இந்த இரண்டு வாரமாக எட்டு ஆகிறது.

கறவை மிஷினின் குவளைகள் காம்பில் ஏறும் சத்தத்திலேயே டார்லாவுக்குத் தெரிந்துவிடும். ரோலியின் கை நன்றாக இருந்தால் நாலு குவளையும் சுப், சுப், சுப், சுப் என்று ஒரே மூச்சில் ஏறும். இன்று ஒன்று ஏறியது. அப்புறம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு குவளை சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது.

“விரலு எப்படி இருக்கு?” என்று பசுவின் முதுகுக்கு மேலாகக் கேட்டாள்.

“கட்சி மாறிடுச்சு. நான் மடங்குன்னா நீட்டுது. நீட்டுன்னா சும்மா இருக்குது.”

“நான் வரட்டா?”

“வராதே. நூத்திப் பதினேழாம் நம்பர்க்காரி திரும்பிப் பாத்துட்டிருக்கா. இத்தன வருஷம் என்னை ஒரு ஆம்பளைன்னு நெனச்சிட்டிருந்தவ.”

டார்லா சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் வரிசையை விட்டு வந்து, கீழே கிடந்த குவளையைக் கழுவி மாட்டினாள். ரோலியின் விரல் கணுக்கள் பழுத்த பிளம்ஸ் மாதிரி வீங்கி மினுமினுத்தன. அவற்றை அவன் பசுவின் அடிவயிற்றுச் சூட்டில் ஒத்திக்கொண்டிருந்தான்.

பத்து வருஷத்துக்கு முன்னால் வந்த முடக்குவாதம். முதல் இரண்டு வருஷம் ஊர் டாக்டர் கொடுத்த மாத்திரைகளில் போனது. ஒன்று வாரத்துக்கு ஒருமுறை தின்பது. அது வாயைப் புண்ணாக்கி ஈரலையும் தொட்டதும் இன்னொன்றுக்கு மாற்றினார். விரல்கள் எதற்கும் இரங்கவில்லை. அப்போது அவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. பண்ணைக்காரர்கள் சொந்தப் பையிலிருந்து எடுத்து வைக்க வேண்டியதுதான். டார்லா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்ததே அதற்காகத்தான். அந்த வட்டாரத்தில் பாதிப் பண்ணை வீட்டுப் பெண்கள் சம்பளத்துக்காக வெளியே போவதில்லை, இன்ஷூரன்ஸுக்காகப் போகிறார்கள். அந்த இன்ஷூரன்ஸில்தான் கிரீன் பே நகரத்து டாக்டரம்மா ரோலிக்குப் புது ஊசி எழுதிக் கொடுத்தாள். இரண்டு வாரத்துக்கு ஒன்று. ஒரு மாத ஊசியின் விலைக்கு இரண்டு நல்ல கறவை வாங்கலாம். ஊசி போட்ட மூன்றாம் மாதம் ரோலி பரணிலிருந்து அப்பாவின் கான்சர்டினாவை இறக்கினான். மடக்கி விரிக்கும் அந்தத் துருத்திப் பெட்டியின் நூற்றுச் சொச்சம் பொத்தான்களும் அவன் விரலுக்கு மறுபடி அடங்கின. வெள்ளிக்கிழமை தவறாமல், ஊரில் மீனும் பீரும் விற்கும் பெர்னிஸின் கடையில் வாசித்தான்.

இந்த ஜனவரியில் பள்ளிக்கூடம் வேறு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மாறியது. புதுக் கம்பெனி முதல் படியிலிருந்து ஏறி வரச் சொன்னது. மலிவான மாத்திரை இரண்டையும் முதலில் தின்று, பலிக்கவில்லை என்று காட்டினால்தான் ஊசி. ஏற்கனவே தின்று தோற்றவரை மறுபடியும் தின்னச் சொல்லக்கூடாது என்று மாநிலத்தில் சட்டம் இருந்தது. ஆனால் தின்றதற்குக் காகிதம் வேண்டும். ஊர் டாக்டர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய நோட்டுகள் இருந்த நிலவறையில் ஒரு வசந்தகால வெள்ளம் புகுந்து எல்லாவற்றையும் கூழாக்கிவிட்டது. மாத்திரை விற்ற மருந்துக்கடையில் இப்போது மெழுகுவர்த்தி விற்கிறார்கள்.

கையில் இருந்த ஊசிகளை ரோலி மூன்று வாரத்துக்கு ஒன்று என்று இழுத்தான். மிச்சம் இரண்டு.

கறவை முடிந்து, டார்லா கன்றுகளுக்குப் பால் வாளிகளைத் தூக்கிக்கொண்டு போனாள். பள்ளிக்கு வசந்த விடுமுறை வாரம். அதனால் ஃபோன் பேச நேரம் இருந்தது. கோட்டுப் பையில் ஃபோன் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது. காத்திருக்கச் சொல்லி அந்தக் கம்பெனி போடும் பாட்டு. நாற்பது நிமிஷமாக ஒரே பாட்டு. கன்றுகளுக்கு அது பிடித்துப் போய்விட்டது. ஒரு கடேரிக் கன்று அவள் பையை நக்கிக்கொண்டே நின்றது.

பாட்டு நின்றது. “வணக்கம், காத்திருந்ததுக்கு நன்றி. என் பேரு ஷனீஸ்.”

“ஷனீஸ், நான் டார்லா. முந்தாநேத்து மார்க்கஸ்னு ஒரு தம்பிகிட்ட பேசினேன். அதுக்கு முன்னாடி வேற ஒரு பொண்ணு. மூணு பேருகிட்டயும் ஒரே கதையத்தான் சொல்றேன். உங்க பங்குக்கு நீங்களும் கேட்டுருங்க.”

“சொல்லுங்க மேடம்.” விசைப்பலகைத் தட்டல். “இங்க இருக்கு. ரெண்டு மாத்திரையும் மூணு மூணு மாசம் சாப்பிட்டுப் பாக்கணும்னு போட்டிருக்கு.”

“எட்டு வருஷத்துக்கு முன்னாடியே சாப்பிட்டாச்சும்மா. வாயெல்லாம் வெந்து போச்சு.”

“எங்க கணினியில அது வரலையே மேடம்.”

“அப்ப உங்க கணினி பொறக்கவேயில்ல.”

ஷனீஸுக்குச் சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டது கேட்டது. “டாக்டரோட அப்போதைய குறிப்பு ஏதாவது? மருந்துக்கடை ரசீது? அந்தந்தத் தேதியில எழுதினதா இருக்கணும். இப்ப ஞாபகத்துல எழுதித் தந்தா எடுத்துக்க மாட்டாங்க.”

“பேசாம அந்தாளு விரல வெட்டி அனுப்பவா?”

“வேணாம் மேடம்,” என்றாள் ஷனீஸ் உண்மையான பதற்றத்தோடு. அதே நேரம் ஒரு கன்று ‘ம்மா’ என்று கத்தியது. “அது யாரு மேடம்?”

“எங்க வீட்டுல சின்னவ. பசிக்குதாம்.”

ஃபோனை வைத்த பிறகு அவள் வாளிமேல் உட்கார்ந்துவிட்டாள். ஆறு மாசம். ஆறு மாசத்தில் விரல் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ரோலி அவளிடம் சொல்லாமல் மாட்டு ஏலக்காரனுடைய அட்டையைத் தொப்பிக்குள் செருகி வைத்திருந்தான். தொப்பியைத் துவைக்கப் போட்டபோது அவள் பார்த்தாள். மே மாதம் என்று அவன் கையெழுத்தில் கோணலாக எழுதியிருந்தது.

எழுந்தபோது களத்தில் ஒரு வெள்ளை வண்டி நின்றது. மாநிலப் பால் ஆய்வாளர் கர்ட் டெல்ஃபோஸ்.

டெல்ஃபோஸ் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சொல்லாமல் வருவார். உயரமான, வெளுத்த, கண்டிப்பான மனிதர். சொந்தக் காபிக் குடுவையோடு வருவார். பத்து வருஷத்தில் அந்தப் பண்ணையில் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. ஆய்வுக்குப் போன இடத்தில் எதையும் பெற்றுக்கொள்ளக் கூடாது என்பது விதி. போன கோடையில் டார்லா நீட்டிய ஒரு தட்டு ருபார்ப் கேக்கை அவர் பார்த்த பார்வையை ரோலி இன்னும் நடித்துக் காட்டுவான்.

“நாய கட்டிருக்கீங்களா?” என்றார் டெல்ஃபோஸ்.

“நாய் செத்து ரெண்டு வருஷமாச்சு, கர்ட்.”

“எழுதி வச்சிருக்கேன். பழக்கத்துல கேட்டுட்டேன்.”

பால் தொட்டியின் குளிர், குழாய்களின் உட்புறம், கிணற்று மூடி, விளக்குக்குக் கூடு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் படிவத்தில் குறித்துக்கொண்டே வந்தார். பால் அறை மூலையில் இருந்த சின்ன ஃப்ரிட்ஜைத் திறந்தார். மாட்டு மருந்துகள் மேல் தட்டில் கறவைக்கு, கீழ்த் தட்டில் கறவாததற்கு என்று பிரிந்து, சீட்டு ஒட்டி, ஒழுங்காக இருந்தன. நடுத்தட்டில் ஒரு நீள அட்டைப் பெட்டி.

“இது என்ன?”

“அது ரோலியோடது.”

“மனுஷ மருந்தா?”

“காலையில அஞ்சு மணிக்கு நாங்க எங்க இருப்போம், கர்ட்? வீட்டு ஃப்ரிட்ஜ்கிட்டயா? இங்கதான இருப்போம். இங்க இருந்தாத்தான் மறக்காது.”

“மாட்டு மருந்து வைக்கிற இடத்துல மாட்டுக்கு அனுமதியில்லாத மருந்து,” என்று சொல்லிக்கொண்டே டெல்ஃபோஸ் எழுதினார். “இதுக்கு மதிப்பெண் குறையும்.”

“குறைங்க.” டார்லாவின் குரல் உயர்ந்தது. “நல்லாக் குறைங்க. இன்னும் ரெண்டே ரெண்டு ஊசிதான். அதுவும் தீந்துட்டா அடுத்த வாட்டி நீங்க வரும்போது ஃப்ரிட்ஜ் காலி, கொட்டகையும் காலி. ஒரு குறையும் இருக்காது, நூத்துக்கு நூறு போட்டுட்டுப் போங்க.”

டெல்ஃபோஸ் பேனாவை மூடவில்லை. ஆனால் எழுதவும் இல்லை. டார்லா நாலாவது முறையாக அதே கதையைச் சொன்னாள். சொல்லிக்கொண்டே தரையைக் கழுவினாள். எட்டு வருஷம், இரண்டு மாத்திரை, வெள்ளம், மெழுகுவர்த்திக் கடை. டெல்ஃபோஸின் பூட்ஸையும் சேர்த்துக் கழுவினாள்.

“வாரத்துக்கு ஒருதரம் திங்கிற மாத்திரையா?” என்று கேட்டார் அவர்.

“ஆமா.”

“ஞாயித்துக்கிழமை. ஆறு.”

டார்லா குழாயை மூடினாள். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

டெல்ஃபோஸின் முகத்தில் அதுவரை அவள் பார்த்திராத ஒன்று நடந்தது. காது முதலில் சிவந்தது. அப்புறம் வாய் ஓரம் நடுங்கியது. “உங்க மருந்துப் புத்தகத்துல இருந்துச்சு. நான் வேலைக்குச் சேந்த புதுசு. இது என்னோட மூணாவது பண்ணை. இந்த ஆணியிலதான் தொங்கிச்சு.” சுவரில் நூலில் பேனா கட்டித் தொங்கிய நோட்டைக் காட்டினார். எந்தப் பசுவுக்கு, எந்தத் தேதியில், என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் பாலை நிறுத்த வேண்டும் என்று எழுதிவைக்கும் நோட்டு. எல்லாப் பண்ணையிலும் இருக்க வேண்டியது. “அதுல ‘பெரிய காளை’ன்னு ஒரு பேரு. ‘மெத்தோட்ரெக்சேட், ஆறு மாத்திரை, வாய் வழி.’ நான் அனுமதிப் பட்டியல் முழுக்கத் தேடுறேன், அப்படி ஒரு மாட்டு மருந்தே இல்ல. பெரிய குத்தம் கண்டுபுடிச்சிட்டேன்னு நெனச்சு வண்டியில உக்காந்து தலைமை ஆபீசுக்கு ஃபோன் போட்டேன்.”

“அய்யய்யோ.”

“அங்க இருந்த கால்நடை டாக்டர் கேட்டாரு, ‘காளை எத்தன கிலோ இருக்கும்?’ சுத்திப் பாத்தேன். காளையே இல்ல. நீங்க சினை ஊசிதான போடுவீங்க. அப்பத்தான் ரோலி வெளிய வந்தாரு. தொப்பிய ரெண்டு மணிக்கட்டாலயும் புடிச்சுத் தலையில வச்சாரு.” டெல்ஃபோஸ் தொண்டையைச் செருமினார். “‘சார், காளைய கண்டுபுடிச்சிட்டேன்’னு சொன்னேன். அன்னியிலேருந்து ஆபீஸ்ல என்னை வருஷக் கூட்டத்துல எந்திரிக்கச் சொல்லி இந்தக் கதைய சொல்லச் சொல்வாங்க.”

டார்லா கையை வாயில் வைத்துக்கொண்டாள். எழுதியது அவள்தான். வாரத்துக்கு ஒருமுறை தின்ன வேண்டியதை மறந்துபோய் மறுநாளும் தின்றுவிட்டால் ஆளையே கொன்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பண்ணையில் எந்த உயிர் மருந்து தின்றாலும் அவள் கை தானாகப் போய் எழுதும் இடம் அந்த நோட்டு ஒன்றுதான். எழுதினாள். எழுதிய கையோடு மறந்தும்விட்டாள். பசுக்கள் நாற்பத்தாறும் எத்தனையோ தடவை மாறியாயிற்று, பழைய நோட்டு யாருக்கு ஞாபகம்?

“ரெண்டு வருஷம் வச்சிருந்தா போதும்னு விதி,” என்றாள் மெல்ல.

“விதி அதுதான்,” என்றார் டெல்ஃபோஸ். “ஆனா ரோலி எதையாவது வெளிய போட்டு நான் பாத்ததில்ல.”

அவள் கொட்டகைக் கதவைத் திறந்து கத்தினாள். “ரோலீ! பழைய மருந்து நோட்டெல்லாம் எங்க?”

வைக்கோல் பரணில் மூன்று நோட்டு, தீவன மூட்டைக்குப் பின்னால், ஓரம் எலி கடித்து. பழைய பால் கேனுக்குள் இரண்டு. எட்டு வருஷத்துக்கு முந்தையது மட்டும் இல்லை. ரோலி தொப்பியைத் தூக்கி, மணிக்கட்டால் தலையைச் சொறிந்தான்.

“தடிமனா, பச்ச அட்டையா?”

“ஆமா.”

“அது ஒரு வேலையில இருக்கு.”

“நோட்டுக்கு என்ன வேல?”

“நெலவறையில. பெரிய ஃப்ரீசருக்கு ஒரு கால் குட்டை. ஆடிட்டே இருந்துச்சா… சரியான கனம் அது.”

நிலவறை ஃப்ரீசரில் ஒரு மான், அரை மாடு, போன வருஷத்து மக்காச்சோளம், பெர்னிஸ் வைக்கச் சொன்ன நாற்பது பவுண்டு மீன் எல்லாம் இருந்தன. மூவரும் அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள். ரோலி டிராக்டர் ஜாக்கியைக் கொண்டுவந்து வைத்தான். பிடியை அழுத்த விரல் மடங்கவில்லை. டார்லா குனிந்து நோட்டைப் பிடித்துக்கொண்டாள், ஜாக்கிக்கு ஆள் வேண்டும்.

டெல்ஃபோஸ் ஒரு அடி பின்னால் போனார். “நான் ஆய்வுல இருக்கேன்.”

“இங்க ஆய்வாளருக்கு என்ன வேலன்னு கேட்டா எலி பாக்க வந்தேன்னு சொல்லுங்க,” என்றான் ரோலி.

டெல்ஃபோஸ் படிவத்தை ஃப்ரீசர் மூடிமேல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, ‘ஆய்வு முடிந்த நேரம் 10.40’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நகலைக் கிழித்து டார்லாவிடம் கொடுத்தார். ஊசிப் பெட்டிக்குக் குறைத்த மதிப்பெண் அதில் தெளிவாக இருந்தது. பிறகு கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, ஜாக்கிப் பிடியை இரண்டு கையாலும் அழுத்தினார்.

நோட்டு, ஃப்ரீசர் கால் பதிந்த வட்டத் தழும்போடு வந்தது. சமையலறை மேசையில் வைத்து விரித்தார்கள். டார்லா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

“‘ஞாயிறு. பெரிய காளை. மாத்திரை ஆறு, வாய் வழி. பால் நிறுத்தம்’… பால்னு அச்சடிச்சிருக்கறத அடிச்சுட்டு ‘பீர்’னு எழுதியிருக்கேன். ‘பீர் நிறுத்தம். மறு உத்தரவு வரை.’”

“அந்த உத்தரவு பத்தொம்போது மாசம் வரல,” என்றான் ரோலி டெல்ஃபோஸிடம். “மனுஷன் வாழற வாழ்க்கையா அது?”

“‘முன்னங்கால் ரெண்டுலயும் வீக்கம், ஒரே அளவு. காலையில எந்திரிச்சு நிக்க முக்கா மணி.’”

“முன்னங்காலா!”

“அந்தக் கட்டத்துல அப்படித்தான போட்டிருக்கு, நான் என்ன பண்ண? ‘தீனி பாதி. வாயில புண்ணு. உதடு வெடிச்சிருக்கு.’ அடுத்த வாரம், ‘சாணம் இளக்கம்.’”

“டார்லா.”

“‘குணம் கெட்டிருக்கு. பின்பக்கமா நெருங்க வேணாம்.’”

ரோலி மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. டார்லாவுக்குக் கண்ணில் நீர் முட்டி எழுத்து மங்கியது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் இருந்தது. முதல் மாத்திரையை நிறுத்திய நாள், ‘ஈரல் சோதனை சரியில்லை, டாக்டர் நிறுத்தச் சொன்னார்’. இரண்டாவது தொடங்கிய நாள், அது தோற்ற விதம். கடைசி வரி, ‘முன்னங்கால் அப்படியே. பயனில்லை. டாக்டரும் கைவிட்டார்.’

டெல்ஃபோஸ் சிரிக்கவில்லை. நோட்டைத் தன் பக்கம் திருப்பினார். அவர் விரல் பக்க ஓரத்தில் ஓரிடத்தில் நின்றது. பிறகு தாள்களைப் புரட்டி இன்னோரிடத்தில். “இங்க பாருங்க.”

நீல மையில் இரண்டு எழுத்து, ஒரு தேதி. ஒவ்வொரு ஆய்விலும் நோட்டைப் பார்த்ததற்கு அடையாளமாக அவர் போடும் சிறு கையெழுத்து. பத்தொன்பது மாசத்தில் நாலு இடத்தில்.

“அந்தந்தத் தேதியில எழுதினதா இருக்கணும்னுதான அந்தப் பொண்ணு சொன்னா?” என்றார். “என் கையெழுத்துக்கு மேல இருக்கறதெல்லாம் நான் வர்றதுக்கு முன்னாடி எழுதினது. மாநில அரசாங்கம் பாத்தது.”

“அத எழுதித் தருவீங்களா?” என்றான் ரோலி.

டெல்ஃபோஸ் பேனாவை எடுத்தார். “உங்களுக்கு ஊசி குடுங்கன்னு நான் எழுத முடியாது. அது என் வேலையில்ல. கையெழுத்து என்னோடதுன்னு எழுதலாம். ஏன்னா என்னோடதுதான்.” ஒரு வெள்ளைத்தாள் வாங்கி இரண்டே வரி எழுதினார். எழுதும்போது டார்லா காபியை அவர் முன்னால் வைத்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டுத் தன் குடுவையைத் திறந்துகொண்டார்.

கிரீன் பே டாக்டரம்மா நோட்டின் நாற்பத்திரண்டு பக்க நகலையும் சேர்த்து அனுப்பினாள். பத்து நாளில் ஷனீஸ் கூப்பிட்டாள். இந்த முறை அவளாகவே கூப்பிட்டதால் பாட்டு இல்லை. கன்றுகளுக்கு ஏமாற்றம்.

“மேடம், மேல இருக்கிறவங்க ஏத்துக்கலை. கால்நடைப் பதிவு மருத்துவப் பதிவு ஆகாதுங்கறாங்க. நோயாளி பேரும் பொருந்தலையாம். இவர் ரோலன்ட் ஸ்லாட்கி. அதுல ‘பெரிய காளை’ன்னு இருக்கு.”

“ரெண்டும் ஒரே ஆளுதான்.”

“எனக்குப் புரியுது மேடம்,” என்றாள் ஷனீஸ். குரலைத் தாழ்த்தினாள். “நாங்க நாலு பேரு அத முழுக்கப் படிச்சோம். மார்க்கஸ் ரெண்டு தடவ படிச்சான்.” பிறகு பழைய குரலில், “உங்களுக்கு வெளி மதிப்பீடு கேக்க உரிமை இருக்கு. எங்க கம்பெனியில சேராத ஒரு டாக்டர் பாப்பார். அவர் சொல்றதுக்கு நாங்க கட்டுப்படணும். அதை நான் கட்டாயம் சொல்லணும்னு விதி. நான் சொல்லிட்டேன். கேளுங்க மேடம். இன்னிக்கே கேளுங்க.”

அன்றைக்கே கேட்டார்கள். ஏப்ரலில் பனி முற்றிலும் போனது. கடைசி ஊசியும் போட்டாயிற்று. ஏலக்காரன் ஒருநாள் வந்து, சும்மா வந்தவன் போலக் கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனான். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் மாற்றி மாற்றி மாலைக் கறவைக்கு வந்தார்கள். வருகிறவன் ஒவ்வொருவனும் வாசலில் நின்று, “பெரிய காளை கட்டியிருக்கா, அவுத்து விட்டிருக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தான். பெர்னிஸின் வாயில் விழுந்த கதை மாவட்டம் முழுக்கப் போகும்.

கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. டார்லா பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற வழியில் தபால் பெட்டியிலிருந்து எடுத்து, வண்டியை நிறுத்தாமலே பல்லால் கிழித்தாள். பிறகு நிறுத்திவிட்டாள். கொட்டகைக்கு ஓடினாள். ரோலி முழங்கையால் வைக்கோல் தள்ளிக்கொண்டிருந்தான்.

“படிக்கறேன், அசையாம நில்லு. ‘நோயாளி இரண்டு மருந்துகளையும் போதிய காலம் உட்கொண்டு பயன்பெறவில்லை என்பது நிறுவப்பட்டுள்ளது. பதிவுகள் வாரம் தவறாதவை. மாநில அலுவலரால் நான்கு தேதிகளில் பார்வையிடப்பட்டவை. இருபுறமும் சமமான வீக்கம், காலை விறைப்பின் கால அளவு, பக்க விளைவுகள் ஆகியவை துல்லியமாகக் குறிக்கப்பட்டுள்ளன. மது தவிர்ப்பும் கண்காணிக்கப்பட்டுள்ளது. என் முப்பது வருட அனுபவத்தில் எந்த நோயாளிக்கும் இவ்வளவு ஒழுங்கான பதிவை நான் கண்டதில்லை. மருந்து வழங்கப்பட வேண்டும்.’”

ரோலி தொப்பியை எடுத்தான். உள்ளேயிருந்த அட்டையை மணிக்கட்டுகளுக்கு நடுவில் பிடித்து உருவி, நூத்திப் பதினேழின் முன்னால் நீட்டினான். அவள் அதை மென்று தின்றாள்.

“அத எழுதணும்,” என்றாள் டார்லா. “நூத்திப் பதினேழு, அட்டை ஒண்ணு, வாய் வழி.”

ஐஸ் கட்டிப் பொட்டலத்தில் ஊசிகள் வந்தன. முதல் ஊசிக்கு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதுக்குப் பிறகு ரோலி சட்டைப் பொத்தானைத் தானே போட்டான், ஒன்று தவறி. மே மாதக் கடைசியில் ஒரு விடியலில் டார்லா தன் வரிசையில் குனிந்திருந்தாள். எதிர் வரிசையிலிருந்து கேட்டது. சுப், சுப், சுப், சுப். அவள் நிமிரவில்லை. பசுவின் விலாவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, அடுத்த பசுவுக்கும் அந்தச் சத்தம் வரும் வரை அப்படியே இருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை பெர்னிஸின் கடையில் நிற்க இடமில்லை. பொரித்த மீனும் உருளைக்கிழங்கு அடையும் ரை ரொட்டியும் தட்டுத் தட்டாகப் போய்க்கொண்டிருந்தன. பெர்னிஸ் டார்லாவின் கன்னத்தைக் கிள்ளினாள். “ஏண்டி, இருபது வருஷமா என் புருஷனுக்கு எது குடுத்தும் கேக்க மாட்டேங்கறான். அந்த நோட்டு ஒண்ணு எனக்கும் வாங்கிக் குடேன்.”

“வாங்கினாப் போதாது, ஆணியில கட்டணும்.”

“நோட்டையா?”

“அவனையும்தான்.”

கதவைத் திறந்துகொண்டு டெல்ஃபோஸும் அவர் மனைவியும் வந்தபோது எல்லாத் தலையும் திரும்பியது. பாதிப் பேருக்கு அவர்தான் ஆய்வாளர். மூன்று பேர் தம்மை அறியாமல் கையைத் துடைத்துக்கொண்டார்கள். ரோலி கான்சர்டினாவை மடியில் வைத்துக்கொண்டு கூப்பிட்டான். “கர்ட்! ஒரு பீர் வாங்கித் தரேன்.”

“முடியாது, ரோலி.”

“மீனு?”

“என் மீனுக்கு நான் குடுத்துட்டேன்.”

“சரி, ஒரு பாட்டு? உங்க பேரச் சொல்லி வாசிக்கறேன். வாங்கிக்கக் கூடாதுன்னு அதுக்கும் விதி இருக்கா?”

டெல்ஃபோஸ் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அவர் மனைவி மேலே பார்த்தாள். “அதுக்கு மதிப்பு எவ்வளவு?” என்று கேட்டார் டெல்ஃபோஸ்.

“இதுவரைக்கும் இவன் வாசிச்சதுக்கு யாரும் காசு குடுத்ததில்ல!” என்று பெர்னிஸ் அடுக்களையிலிருந்து கத்தினாள்.

“அப்படின்னா வாங்கிக்கலாம்.”

ரோலி துருத்தியை இழுத்தான். போல்கா நடன மெட்டு கிளம்பியது. விரல்கள் முதல் சுற்றில் இரண்டு பொத்தானைத் தவறவிட்டன, அடுத்த சுற்றில் ஒன்றை, அப்புறம் எதையும் விடவில்லை. டெல்ஃபோஸ் தன் மனைவியோடு ஒரு சுற்று ஆடினார். பிறகு டார்லாவின் முன்னால் வந்து நின்று, படிவம் நீட்டுவதுபோல் கையை நீட்டினார். மனிதர் நன்றாக ஆடுவார் என்று யாருக்குமே தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் காலை கறவை முடிந்ததும் டார்லா பால் அறைக்குப் போனாள். ஊசிப் பெட்டி இப்போது வீட்டு ஃப்ரிட்ஜில். ஆனால் நோட்டு இருந்த ஆணியிலேயே இருந்தது. நூலில் தொங்கிய பேனாவை உதறி எழுதினாள்.

‘சனி. பெரிய காளை. ஊசி ஒன்று, தொடையில். முன்னங்கால் வீக்கமில்லை. நேற்றுப் பதினான்கு பாட்டு. தீனி நன்று. நிறுத்தம்: ஏதுமில்லை.’

செப்டம்பரில் வந்த டெல்ஃபோஸ், சன்னல் ஒட்டடைக்கு ஒரு மதிப்பெண் குறைத்தார். நோட்டை எடுத்து அந்த வரியிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்துப் படித்தார். கீழே தன் சிறு கையெழுத்தைப் போட்டு, தேதியும் எழுதினார்.